இந்தப் பைக் சிக்லிட் எந்த இனம்? பெயர் தெரியாத மீனை அடையாளம் காணும் வழி

பைக் சிக்லிட் என்னும் தென் அமெரிக்க வண்ணமீனை வாங்கும் அன்றே, காசைக் கொடுப்பதற்கு முன்பே, அந்த மீன் எந்த நாட்டிலிருந்து எந்த ஊர் வழியாக வந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எவ்வளவு உழைத்தாலும் மீட்க முடியாத தகவல் அது. செதிலை எண்ணலாம், படம் எடுக்கலாம், நிறம் மாறும் வரை காத்திருக்கலாம். ஊர் தொலைந்தால் தொலைந்ததுதான்.

நான் அதைக் கேட்காமல் வாங்கியவன். கடைத் தொட்டியில் 'ரெட் பைக்' என்று ஒட்டியிருந்தது. மீன் 9 சென்டிமீட்டர் இருந்தது. தலையில் பொடிப்பொடிப் புள்ளிகள், வாலடியில் ஒரு கரும்பொட்டு. அது சிறிய இனமா, ஒரு அடிக்கு மேல் வளர்வதா என்றுகூடத் தெரியாமல் 3 அடித் தொட்டியில் விட்டேன். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த மீன் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஐரோப்பாவின் பைக் என்னும் வேட்டை மீனைப் போல நீண்ட உடலும் பெரிய வாயும் இருப்பதால் இவற்றுக்கு இந்தப் பெயர். நம் ஊர்க்காரர் பார்த்தால் விரால் ஜாடை என்பார். உருவத்தில் மட்டும்தான் அந்த ஒற்றுமை. உறவால் இவை ஏஞ்சல், ஆஸ்கர், டிஸ்கஸ் எல்லாம் சேர்ந்த சிக்லிட் குடும்பம். ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே, டிரினிடாட் தீவிலிருந்து அர்ஜென்டினா வரை பரவியிருக்கின்றன. பிரேசிலில் ஜாகுண்டா என்று கூப்பிடுகிறார்கள். 1840-இல் வியன்னாவிலிருந்த மீன் ஆய்வாளர் ஹெக்கெல், யோஹான் நாட்டரர் பிரேசிலில் சேகரித்து அனுப்பிய மீன்களை வைத்து கிரெனிசிக்லா என்ற பேரினத்தை உருவாக்கினார். இன்று நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் தெரியும். பெயர் வைக்கப்படாதவை இன்னும் ஆறுகளில் இருக்கின்றன, தொட்டிகளிலும் இருக்கின்றன. உங்கள் மீன் எந்தப் புத்தகப் படத்தோடும் பொருந்தவில்லை என்றால் தவறு உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பைக் சிக்லிட்தானா என்று உறுதி செய்யுங்கள்

இது ஒரு நிமிட வேலை. குட்டியாக இருக்கும்போது பீக்காக் பாஸ் மீனோடுதான் குழப்பம் வரும். அதற்கும் பெரிய வாய், வாலடியில் கண்பொட்டு. முதுகுத் துடுப்பைப் பாருங்கள். பீக்காக் பாஸில் முள் பகுதி முடிந்து மென்பகுதி தொடங்கும் இடத்தில் ஆழமான பள்ளம் விழும். பைக் சிக்லிட்டில் முன்னாலிருந்து பின்னால் வரை துடுப்பு ஒரே ஓட்டமாகப் போகும். உடலும் உருளையாக, ஒல்லியாக இருக்கும். இது சரி என்றால் அடுத்ததற்குப் போகலாம்.

படம் எடுங்கள், ஒன்றல்ல, பல நாட்கள்

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு பெயர் தேடுகிறார்கள். பைக் சிக்லிட்டுக்கு அது போதாது. மனநிலைக்கு ஏற்ப உடம்புக் கோலத்தையே மாற்றிக்கொள்ளும் மீன் இது. நிம்மதியாக இருக்கும்போது கண்ணிலிருந்து வால் வரை ஒரு கரும்பட்டை ஓடும். பயந்தால் அது மறைந்து குறுக்குப் பட்டைகள் வரும். விளக்கை அணைத்தால் வேறொரு கோலம். கடையிலிருந்து பையில் கொண்டுவந்த அன்று வெளிறிப் போய் எதுவுமே தெரியாது. அன்றைய படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

குறைந்தது இரண்டு வாரம் பழகவிடுங்கள். ஒளிந்துகொள்ள மரக்கட்டையும் குழாய்த் துண்டும் போடுங்கள். அப்புறம் நேர்ப் பக்கவாட்டில், துடுப்பு விரிந்திருக்கும்போது எடுங்கள். தொட்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு அளவுநாடாவை ஒட்டிவைத்தால் நீளத்தை ஏறத்தாழக் கணிக்கலாம். வெளிச்சம் மேலிருந்து வரட்டும். கேமரா ஃப்ளாஷை நேராக அடித்தால் செதில்கள் மினுங்கிப் பொட்டுகளை மறைத்துவிடும். மீனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

எனக்கு இன்றியமையாதவை என்று தோன்றும் படங்கள் இவை: முழு உடல் பக்கவாட்டில், கண்ணும் கன்னமும் மட்டும் பெரிதாக, தோள்பகுதி பெரிதாக, வால் துடுப்பு, மேலிருந்து தலை. விளக்கு போட்ட உடனே ஒன்று, மாலையில் ஒன்று, இன்னொரு மீனையோ கண்ணாடியில் தன் நிழலையோ பார்த்துச் சீறும்போது ஒன்று. ஒவ்வொரு படத்திலும் தேதியும் நீளமும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனத்தை விடுங்கள், குழுவைப் பிடியுங்கள்

அடையாளம் காண்பதில் பாதி வெற்றி இந்தப் படியில்தான் இருக்கிறது. நூறு பெயர்களில் ஒன்றைத் தேடினால் தலை சுற்றும். ஐந்தாறு குழுக்களில் ஒன்றைத் தேடுவது சுலபம். மீன் எவ்வளவு வளரும், என்ன தொட்டி வேண்டும் என்பதும் குழு தெரிந்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

செதிலிலிருந்து தொடங்குங்கள். நிறம் ஏமாற்றும், செதில் ஏமாற்றாது. சுவீடனைச் சேர்ந்த ஸ்வென் குலாண்டர் போன்ற ஆய்வாளர்கள் பைக் சிக்லிட்டுகளில் ஒரு குறிப்பிட்ட வரிசையை எண்ணுகிறார்கள். பக்கக்கோடு, அதாவது மீனின் பக்கவாட்டில் செதில்கள் மேல் ஓடும் உணர்வுக் கோடு, இந்த மீன்களில் இரண்டு துண்டாக இருக்கும்: முன்பாதியில் மேலே ஒன்று, பின்பாதியில் கீழே ஒன்று. கீழ்த்துண்டு ஓடும் செதில் வரிசைக்கு நேர் மேலே உள்ள வரிசையில், செவுள் மூடி முடியும் இடத்திலிருந்து வாலடி வரை எத்தனை செதில் என்பதே கணக்கு. நல்ல படம் ஒன்றைக் கணினித் திரையில் பெரிதாக்கி, பத்துப் பத்தாகப் புள்ளி வைத்து எண்ணினால் போதும். இரண்டு மூன்று முறை எண்ணுங்கள். நான்கைந்து கூடலாம், குறையலாம், கவலை இல்லை.

ஐம்பதை ஒட்டி வந்தால் பெரும்பாலும் சாக்சாடிலிஸ் குழுவின் பக்கம் போகலாம். எண்பதைத் தாண்டினால், அதிலும் நூறை நெருங்கினால், லுகுப்ரிஸ் குழு. எண்ணாமலே ஒரு யோசனை கிடைக்கும்: சாக்சாடிலிஸ் குழுவில் ஒவ்வொரு செதிலும் தனியாகக் கண்ணுக்குத் தெரியும். லுகுப்ரிஸ் குழுவில் செதில்கள் அவ்வளவு பொடி என்பதால் தோல் வழவழவென்று பட்டுத்துணி போலத் தோன்றும். என் 'ரெட் பைக்' மீனை எண்ணியபோது முதல்முறை 96, அடுத்த முறை 99. அன்றே 6 அடித் தொட்டிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கினேன்.

சாக்சாடிலிஸ் குழுதான் கடைகளில் அதிகம் வரும். தோளில், செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால், வெளிர் வளையம் சூழ்ந்த ஒரு கரும்பொட்டு இருக்கும். இதைத் தோள்பொட்டு என்று வைத்துக்கொள்வோம். வாலிலும் அதேபோல ஒரு கண்பொட்டு. கண்ணுக்குக் கீழே கரும்புள்ளிகள் சேர்ந்த ஒரு கறை. ஆண் மீன்களில் பல இனங்களுக்கு உடலெங்கும் வெள்ளிப் பொடி தூவியது போல இருக்கும். பெரும்பாலும் 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை வளரும். இந்தக் கோலம் உள்ள எந்த மீனையும் 'சாக்சாடிலிஸ்' என்றே விற்பது வழக்கமாகிவிட்டது. உண்மையான சாக்சாடிலிஸ், லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட இனம், சுரிநாம் பக்கத்து மீன். பெருவிலிருந்து வரும் புரோட்டியஸும் பராகுவே பக்கத்து லெபிடோட்டாவும் வேறு இனங்கள். மூன்றையும் ஒரே பெயரில் நான் பார்த்திருக்கிறேன்.

லுகுப்ரிஸ் குழு பெரிய மீன்களின் குழு. 30 சென்டிமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். இதில் குட்டிக்கும் வளர்ந்ததற்கும் ஒற்றுமையே இருக்காது. குட்டிகளுக்குத் தலையிலும் முதுகிலும் புள்ளிகளோ நீளக் கோடுகளோ இருக்கும். பல இனங்களில் வளர வளர அவை கரைந்துபோகும். ரியோ நீக்ரோவின் லென்டிகுலாட்டா வளர்ந்த பிறகும் முகத்துப் புள்ளிகளை வைத்துக்கொள்ளும். மார்மொராட்டாவுக்கு விலாவில் பெரிய கறைகள் பளிங்குக் கோலம் போலச் சேரும். சிங்கு ஆற்றின் கறுப்பு ஜாகுண்டாவுக்கு 2018-இல்தான் அறிவியல் பெயர் வந்தது. பிரேசிலில் தப்பியோடிய அடிமைகள் அமைத்த பால்மாரெஸ் குடியிருப்பில் அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய தண்டாராவின் பெயரை வைத்தார்கள்.

வாலேசி குழு குள்ளர்களின் குழு. ரெகானி, நோட்டோஃப்தால்மஸ், கொம்ப்ரெஸிசெப்ஸ் எல்லாம் இதில் வரும். பெரும்பாலானவை ஒரு விரல் நீளத்தோடு நின்றுவிடும். ரெகானி, நோட்டோஃப்தால்மஸ் பெண்களுக்கு முதுகுத் துடுப்பில் கண்பொட்டு உண்டு, ஆணுக்கு இருக்காது. தோக்கன்டின்ஸ் ஆற்றின் கொம்ப்ரெஸிசெப்ஸுக்கு வால் துடுப்பில் வரிவரியாகக் கோடுகள் தெரியும், அது ஒன்றே போதும். சிறிய தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் மனமாரச் சொல்லும் குழு இது.

மற்றவை கடைக்கு அரிதாகவே வரும். மழுங்கிய அகன்ற தலையோடு, மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஏறத்தாழச் சமமாக, தரையோடு தரையாகக் கிடந்தால் ரெட்டிகுலாட்டா குழு. ஹெக்கெல் இவற்றுக்கு வைத்த பட்ராகாப்ஸ் என்ற பெயருக்குத் தவளைமுகம் என்று பொருள். மெல்லிய சிறிய உடலோடு, வாய் கீழ்நோக்கி, பாறைமேல் துடுப்பை ஊன்றி உட்கார்ந்தால் அது டெலியோசிக்லா. சிங்கு, தபாஜோஸ், தோக்கன்டின்ஸ் ஆறுகளின் வேகநீர் மீன். உருகுவாய், இகுவாசு போன்ற தென்பகுதி ஆறுகளின் இனங்கள் தனிக் குழு; அவற்றுக்குக் குளிர்காலத்தில் தண்ணீர் குளிர வேண்டும், ஆண்டு முழுக்க 28 டிகிரியில் வைத்தால் நல்லதல்ல.

ஒரு விஷயம். 2023-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு கிரெனிசிக்லா பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டது. சாக்சாடிலிஸ் குழு சாக்சாடிலியா ஆனது, லுகுப்ரிஸ் குழு லுகுப்ரியா, வாலேசி குழு வாலேசியா. புதிய பட்டியலில் ஒரு பெயரும் பழைய புத்தகத்தில் வேறு பெயரும் பார்த்தால் குழம்ப வேண்டாம். மீன் அதேதான். இரண்டையும் தேடிப் படியுங்கள்.

ஆணா பெண்ணா என்று பாருங்கள், இனம் என்று நினைக்கும் முன்

ஒரே பெட்டியில் வந்த இரண்டு மீன்களை இரண்டு இனம் என்று நம்பி வாங்கியவர்கள் பலர். பைக் சிக்லிட்டில் பெண்தான் பல சமயம் அழகி. சாக்சாடிலிஸ் குழுப் பெண்ணுக்கு முட்டை நிறையும் காலத்தில் வயிறு சிவப்பாகவோ ஊதாச் சிவப்பாகவோ மாறும், முதுகுத் துடுப்பின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று வரும். ஆண் நீளமாக, துடுப்பு நுனி கூராக, வெள்ளிப்பொடியோடு இருக்கும். வயிற்றுச் சிவப்பைப் பார்த்து 'ரெட் பெல்லி பைக்' என்று பெயர் வைத்தால் அது பெரும்பாலும் இனத்தின் அடையாளமாக இருக்காது, பருவத்தின் அடையாளமாகவே இருக்கும்.

ஊரைத் தேடுங்கள்

குழுவோடு ஆறும் தெரிந்துவிட்டால் நூறு பெயர் சட்டென்று நான்கைந்தாகச் சுருங்கிவிடும். பல இனங்கள் ஒரே ஆற்றுப் படுகையில் மட்டும் வாழ்பவை. இகுவாசு அருவிக்கு மேலே இருக்கும் இனங்கள் கீழே கிடையாது. அருவி ஏற முடியாத மீன்கள் மேலும் கீழுமாகத் தனித்தனியே மாறிவந்திருக்கின்றன.

கப்பி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். டிரினிடாட் ஓடைகளில் பைக் சிக்லிட் இருக்கும் கீழ்ப்பகுதியில் ஆண் கப்பிகளின் நிறம் மங்கல். அருவிக்கு மேலே அந்த வேட்டைக்காரன் இல்லாத இடத்தில் நிறம் அள்ளும். ஜான் எண்ட்லர் 1980-இல் வெளியிட்ட சோதனையால் புகழ்பெற்றது இது. அந்தக் காலத்துக் கட்டுரைகளில் வேட்டைக்காரனின் பெயர் கிரெனிசிக்லா ஆல்ட்டா. இன்று அந்தத் தீவின் மீனை ஃப்ரெனாட்டா என்கிறோம். உலகமே படித்த ஆய்வின் மீனுக்கே பெயர் இப்படி மாறியிருக்கிறது. ஆனால் டிரினிடாட் என்று எழுதியிருந்ததால், எந்த மீனைச் சொன்னார்கள் என்பதில் இன்றும் சந்தேகம் இல்லை.

சரி, ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? கொளத்தூர் போன்ற மொத்தச் சந்தையில் வாங்கினால், சரக்கு வந்த பெட்டியின் பட்டியலைக் காட்ட முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். இக்கிடோஸ் என்றால் பெரு, அமேசானின் மேல்பகுதி. மனாஸ் என்றால் ரியோ நீக்ரோவும் நடு அமேசானும். பெலேம், அல்தாமிரா என்றால் கிழக்குப் பிரேசில், சிங்கு பக்கம். ஜார்ஜ்டவுன் என்றால் கயானா. போகோட்டா என்றால் கவனம்: அங்கே மீன் பிடிப்பதில்லை, ஓரினோகோ பக்கத்து மீனும் அமேசான் மீனும் அங்கே வந்து சேர்ந்துதான் விமானம் ஏறும். எந்தப் பெயரும் இல்லாமல் தென்கிழக்காசியப் பண்ணையிலிருந்து வந்தது என்றால், ஊர்த் தகவல் அங்கேயே முடிந்துவிட்டது. அதையும் அப்படியே எழுதி வையுங்கள்.

அதே பெட்டியில் கூட வந்த மீன்களையும் கேளுங்கள். இது பலருக்குத் தோன்றாது. ஒரே ஆற்றில் மட்டும் கிடைக்கும் பிளிகோ (உறிஞ்சுவாய்க் கெளுத்தி) ஒன்று அதே சரக்கில் வந்திருந்தால் அது நல்ல துப்பு. சாட்சியாகக் கொள்ளாதீர்கள், துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பாருங்கள்

இப்போதுதான் புத்தகத்தையும் படங்களையும் திறக்க வேண்டும். அதற்கு முன் திறந்தால் மனசு ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு விடாது. படத்துக்குக் கீழே ஊர் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊர் இல்லாத படத்தோடு உங்கள் மீன் அச்சு அசலாகப் பொருந்தினாலும் நீங்கள் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். அந்தப் படத்துக்குப் பெயர் வைத்தவரும் உங்களைப் போல ஊகித்தவராக இருக்கலாம்.

இனத்தை முதலில் விவரித்த ஆய்வுக்கட்டுரைகளைப் படித்தால் ஒன்று புரியும். அவை பெரும்பாலும் சாராயத்தில் பதப்படுத்திய மீனைப் பார்த்து எழுதப்பட்டவை. சாராயத்தில் சிவப்பும் ஆரஞ்சும் போய்விடும், கறுப்பு நிற்கும். அதனால் அவற்றில் நிறம் குறைவு; பொட்டின் இடம், பட்டைகளின் எண்ணிக்கை, செதில், துடுப்பு முள் எண்ணிக்கை, மூக்கின் நீளம் இவைதான் நிறைய. நீங்களும் அவற்றையே முதலில் ஒப்பிடுங்கள். தோள்பொட்டு பக்கக்கோட்டுக்குக் கீழேயா, மேலேறி இருக்கிறதா? கண்ணுக்குக் கீழே கறையா, கோடா, எதுவும் இல்லையா? வால்பொட்டு நடுவிலா, மேலே தள்ளியா? செவுள் மூடிக்கு முன்னால் உள்ள எலும்பின் விளிம்பு ரம்பம் போல இருக்கிறதா, வழவழப்பா? கிரெனிசிக்லா என்ற பெயரே அந்த விளிம்பின் வெட்டுப்பற்களிலிருந்து வந்ததுதான்.

அலெக்ஸ் பிளோக் என்ற டச்சுக்காரர் 1991-இல் இந்தப் பேரினம் முழுவதையும் திருத்தி எழுதினார். ரெகானி, கொம்ப்ரெஸிசெப்ஸ் உட்பட நம் தொட்டியில் நீந்தும் பல இனங்களுக்குப் பெயர் வைத்தவர் அவர். பிறகு வண்ணமீன் வணிகர்களின் உலக அமைப்பிலேயே பொறுப்பில் இருந்தார். 2014-இல் உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானத்தில் மனைவியோடும் மகனோடும் இறந்துபோனார். ரெகானியின் பெயரை எழுதும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

காத்திருங்கள், ஆனால் தனியாக வைத்துக் காத்திருங்கள்

ஐந்தாறு சென்டிமீட்டர்க் குட்டியைக் குழு வரை சொல்லலாம்; இனம் சொல்வது பெரும்பாலும் ஊகம். மாதம் ஒரு படம் என்று ஒரே கோணத்தில் எடுத்து வந்தால், எந்தப் புள்ளி எப்போது மறைந்தது என்ற பதிவு கிடைக்கும். என் மீனுக்குத் தலைப்புள்ளிகள் 14 சென்டிமீட்டரில் மங்கத் தொடங்கின, 19-இல் போய்விட்டன.

காத்திருக்கும் காலத்தில் இன்னொரு பைக்கைத் துணைக்கு விடாதீர்கள். தன் இனத்தையே கடித்துக் கொல்லும் மீன் இது. வாயில் நுழையும் எதையும் விழுங்கும், அந்த வாய் நினைப்பதைவிடப் பெரிது. பெயர் உறுதியாகாத இரண்டை இணை சேர்க்கவும் வேண்டாம். ஜோடி சேர்ந்து குகையில் முட்டையிட்டுக் குஞ்சுகளைக் காப்பாற்றுவது பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் கலப்புக் குஞ்சுகள் ஒரு பெயரோடு கடைக்குப் போனால், அடுத்து வாங்குபவருக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எந்த வழியும் உதவாது. தொட்டிக்கு மீறி வளர்ந்துவிட்டால் கேட்டு வளர்ப்பவரிடம் கொடுங்கள், ஏரியிலோ குளத்திலோ விடவே கூடாது.

பெயரை எழுதும் முறை

ஆய்வாளர்களிடம் இதற்கு நல்ல வழக்கம் இருக்கிறது. ஓர் இனத்தோடு ஒப்பிடத் தோன்றுகிறது, உறுதி இல்லை என்றால் இனப்பெயருக்கு முன் சி.எஃப். என்று போடுகிறார்கள். அந்த இனம் இல்லை, ஆனால் அதற்கு நெருங்கியது என்றால் அஃப். என்று போடுகிறார்கள். பெயரே இல்லை என்றால் பேரினத்துக்குப் பின் எஸ்பி. என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் ஊரைச் சேர்க்கிறார்கள்: எஸ்பி. 'அட்டபாபோ' என்பது போல. அட்டபாபோ வெனிசுலா, கொலம்பியா எல்லையில் ஓடும் கருநீர் ஆறு. அந்தப் பெயரோடு வரும் சிவப்புப் பைக்குகளுக்கு ஆற்றின் பெயரே அடையாளமாக இருக்கிறது. ஊர் தெரியாதபோது அந்தப் பெயரைக் கடன் வாங்காதீர்கள். சிவப்பாக இருக்கிறது என்பதற்காக ஒரு மீன் அட்டபாபோ ஆகிவிடாது.

என் தொட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இப்போது இப்படி இருக்கிறது: 'லுகுப்ரிஸ் குழு. ஆறு தெரியாது. 9 செ.மீ. அளவில் வாங்கியது. இன்று 27 செ.மீ. பெண்ணாக இருக்கலாம்.'